பழைய வெப் புரொஜெக்டைப் புதிய விசுவல் ஸ்டூடியோவில் திறக்கும் முறை

தோட்டத்து ஒபிஸில் 2008, 2009 வாக்கில் யாரோ எழுதிக் கொடுத்த செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவு) மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பேர் போடுவது (ஒருவரின் ஒரு நாள் வேலையைப் பதிவது), கொழுந்து நிறை, முற்பணக் கழிப்பு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எல்லாமே அதற்குள்தான். எழுதியவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போயிருப்பார். அந்தக் கொம்பியூட்டர் மூச்சை விடும் நாளில், ஒரு பென் டிரைவும் விண்டோஸ் 11 போட்ட புது லெப்டொப்பும் உங்கள் கைக்கு வந்து சேரும். விசுவல் ஸ்டூடியோ 2022இல் திறந்தால் புரொஜெக்ட் பெயருக்குப் பக்கத்தில் 'அன்லோடட்' (ஏற்றப்படவில்லை) என்று நிற்கும். இல்லையென்றால் நூறு எரர் வரிசையாக விழும். பயப்பட வேண்டாம். அந்த நூறில் பெரும்பாலானவை கோடில் உள்ள பிழையே அல்ல. ஏதோ ஒரு பைலைத் தேடி, அது கிடைக்காததால் மற்றதெல்லாம் சரிந்திருக்கும்.

இங்கே சொல்வது டொட் நெட் ஃபிரேம்வேர்க்கில் (மைக்ரோசொஃப்டின் பழைய மென்பொருள் தளம்) எழுதிய ஏஎஸ்பி டொட் நெட் (அதில் வெப் பக்கம் எழுதும் முறை) புரொஜெக்டுகளுக்கு. பைல் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். "டொட் நெட் 8க்கே மாற்றிவிடுவோமே" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய பக்கங்களை எழுதிய வெப் ஃபோர்ம்ஸ் முறை அதில் கிடையாது. அது திறக்கும் வேலை அல்ல, முதலிலிருந்து எழுதும் வேலை. உங்கள் இலக்கு ஃபிரேம்வேர்க் 4.8. விண்டோஸ் 11இல் அது ஏற்கெனவே இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

வந்தது சுருக்கிக் கட்டிய சிப் பைல் என்றால், பிரிப்பதற்கு முன்பே அதில் ரைட் கிளிக் செய்து புரொபர்ட்டீஸில் 'அன்பிளொக்' என்ற பெட்டியைக் குறியிடுங்கள். மறந்தால் உள்ளே உள்ள டிஎல்எல்கள் (பில்ட் செய்து முடித்த கோட் பைல்கள்) எல்லாம் இணையத்திலிருந்து வந்தவை என்ற முத்திரையோடு பிரியும். பிறகு 0x80131515 என்ற எண்ணோடு 'லோட் செய்ய முடியவில்லை' என்று வரும். பிரிக்கும் இடம் சி டிரைவின் அடியிலேயே ஒரு குட்டிப் பெயர் ஃபோல்டராக இருக்கட்டும். டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டர் வேண்டாம்: புது லெப்டொப்புகளில் பலவேளை அது மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவோடு கட்டப்பட்டிருக்கும், பில்ட் நடக்கும்போதே பைல்களைப் பிடித்துக்கொள்ளும். பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் தொல்லைதான்.

'ஓபிஜே' ஃபோல்டர், '.விஎஸ்' ஃபோல்டர், '.எஸ்யூஓ' பைல் மூன்றையும் அழிக்கலாம். 'பின்' ஃபோல்டரை அழிக்காதீர்கள். பழைய புரொஜெக்டுகளில் வெளியார் எழுதிய டிஎல்எல்லின் ஒரே பிரதி அதற்குள் மட்டும் இருப்பது சாதாரணம். 'பெக்கேஜஸ்' ஃபோல்டரும் அப்படியே இருக்கட்டும். வெளியார் பெக்கேஜ்களை இறக்கித் தரும் நியூகெட் முதலில் அங்கேதான் பார்க்கும், இருந்தால் டவுன்லோட் செய்யாது. டொங்கிள் டேட்டாவில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. எல்லாவற்றையும் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு தடவை கொமிட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். விசுவல் ஸ்டூடியோ எந்த வரியை மாற்றியது என்று பிறகு பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

வயதும் வகையும்

'.எஸ்எல்என்' பைலை நோட்பேடில் திறந்து, 'ஃபோர்மெட் வேர்ஷன்' எண்ணைப் பாருங்கள். 8.00 என்றால் விசுவல் ஸ்டூடியோ 2003, 9.00 என்றால் 2005, 10.00 என்றால் 2008, 11.00 என்றால் 2010. 12.00 என்றால் 2012 அல்லது அதற்குப் பிந்தியது.

அடுத்து '.சிஎஸ்புரொஜ்' பைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வெப் அப்ளிகேஷன். இல்லாமல் 'ஏஎஸ்பிஎக்ஸ்' பைல்களும் 'அப்_கோட்' ஃபோல்டரும் மட்டும் இருந்தால் அது வெப் சைட். அதற்குப் புரொஜெக்ட் பைலே கிடையாது. பைல் தொலைந்துவிட்டது என்று பென் டிரைவைத் துழாவ வேண்டாம். 'ஃபைல்', 'ஓபன்', 'வெப் சைட்' என்று போய் ஃபோல்டரையே திறந்தால் போதும்.

2003 காலத்துப் புரொஜெக்ட் புதியதில் நேராகத் திறக்காது. விசுவல் ஸ்டூடியோ 2008 கிடைத்தால் அதில் ஒருமுறை மாற்றி எடுத்துவிட்டு வரலாம். கிடைக்காவிட்டால், 2022இல் வெறுமையான வெப் அப்ளிகேஷன் ஒன்றை உருவாக்கிப் பழைய பைல்களைச் சேர்த்து, புரொஜெக்ட் மெனுவில் 'கொன்வர்ட் டு வெப் அப்ளிகேஷன்' கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'டிசைனர்' பைல் பிறக்கும். கோட்பிஹைண்டில் (பக்கத்துக்குப் பின்னால் உள்ள கோட் பைல்) கையால் அறிவித்த கொன்ட்ரோல் வரிகள் அப்போது இரட்டிப்பாகும்; பழையதை அழியுங்கள்.

விசுவல் ஸ்டூடியோவை நிறுவுதல்

'ஏஎஸ்பி டொட் நெட் அண்ட் வெப் டெவலப்மென்ட்' வேர்க்லோட் (கருவித் தொகுப்பு) போதும். வலது பக்கப் பட்டியலில் 'டொட் நெட் ஃபிரேம்வேர்க் புரொஜெக்ட் அண்ட் ஐட்டம் டெம்ப்ளேட்ஸ்' என்பதையும் கட்டாயம் குறியிடுங்கள். பல ஜிகாபைட் இறங்கும். லயத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தால் அங்கே முயல வேண்டாம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நல்ல லைன் உள்ள இடத்தில், நிறுவும் பைலை '--லேயவுட்' என்ற கட்டளையோடு ஓடவிட்டு வெளி டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள். '--லேங்' போட்டு ஆங்கிலம் மட்டும் என்று சொல்லாவிட்டால் எல்லா மொழிகளையும் சேர்த்து இறக்கும். நடுவில் கரண்ட் போனால் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டுங்கள். விட்டதை மட்டும் எடுக்கும்.

கம்யூனிட்டி பதிப்பு இலவசம்தான், ஆனால் எல்லாருக்கும் அல்ல. 250 கொம்பியூட்டருக்கு மேல் அல்லது ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் உள்ள நிறுவனம் அதை இப்படிப்பட்ட வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. பெருந்தோட்டக் கம்பனிக்குச் செய்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

'அன்லோடட்' ஏன் வருகிறது

மூன்று காரணங்களில் ஒன்றுதான் பெரும்பாலும்.

முதலாவது, ஃபிரேம்வேர்க் பதிப்பு. 4.0 முதல் 4.5.1 வரையான டார்கெட்டிங் பெக் (அந்தப் பதிப்புக்குப் பில்ட் செய்யத் தேவையான பைல்கள்) 2022 இன்ஸ்டோலரில் இல்லை. திறக்கும்போது கேட்கும் பெட்டியில் 4.8க்கு மாற்றும் தெரிவைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, டார்கெட்ஸ் பைல், அதாவது பில்ட் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பைல். புரொஜெக்ட் பைலின் அடிப்பகுதியில் 'இம்போர்ட்' வரி ஒன்று 'மைக்ரோசொஃப்ட்.வெப்அப்ளிகேஷன்.டார்கெட்ஸ்' என்ற பைலைக் கூப்பிடும். பாதையில் வி9.0 அல்லது வி10.0 என்று எண் இருக்கும். அது எழுதியவரின் கொம்பியூட்டரில் இருந்த பதிப்பு. உங்களிடம் இருப்பது வி17.0. இன்னொரு கொம்பியூட்டரிலிருந்து அந்த ஃபோல்டரைக் கொப்பி பண்ணி ஒட்டுவது பலர் செய்யும் வேலை. இன்றைக்கு ஓடும், அடுத்த லெப்டொப்பில் திரும்ப விழும். வரியைத் திருத்துங்கள்: பாதையின் முற்பகுதியை '$(விஎஸ்டூல்ஸ்பாத்)' என்று மாற்றி, அதற்கு மேலே ஒரு 'புரொபர்ட்டிகுரூப்'பில் விஎஸ்டூல்ஸ்பாத்தின் மதிப்பை '$(எம்எஸ்பில்ட்எக்ஸ்டென்ஷன்ஸ்பாத்32)\மைக்ரோசொஃப்ட்\விசுவல்ஸ்டூடியோ\வி$(விசுவல்ஸ்டூடியோவேர்ஷன்)' என்று கொடுங்கள். எண் தானாகப் பொருந்திக்கொள்ளும். இவ்வளவு செய்தும் கிடைக்கவில்லை என்றால் வெப் வேர்க்லோட் நிறுவப்படவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஐஐஎஸ் என்ற விண்டோஸ் வெப் சேர்வர். 'யூஸ்ஐஐஎஸ்' என்ற இடத்தில் 'ட்ரூ' இருந்தால், இல்லாத ஒரு வேர்ச்சுவல் டிரெக்டரியைத் தேடிப் புரொஜெக்ட் திறக்காமல் நிற்கும். 'ஃபோல்ஸ்' ஆக்கி, 'யூஸ்ஐஐஎஸ்எக்ஸ்பிரஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். திருத்தியும் கேட்கவில்லையா? '.சிஎஸ்புரொஜ்.யூசர்' பைலில் இன்னொரு பிரதி ஒளிந்திருக்கும். விசுவல் ஸ்டூடியோவுக்குள்ளேயே வந்த பழைய குட்டி வெப் சேர்வர் 2013 பதிப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, அதைத் தேட வேண்டாம்.

எம்விசி (ஏஎஸ்பி டொட் நெட்டின் இன்னொரு எழுதும் முறை) புரொஜெக்ட் என்றால் இன்னொன்றும் உண்டு. 'புரொஜெக்ட்டைப்கைட்ஸ்' வரியில் மூன்று அடையாள எண்கள் இருக்கும். 349 என்று தொடங்குவது வெப் அப்ளிகேஷனுக்கு, அதைத் தொடாதீர்கள். எம்விசி 3 அல்லது 4க்கு உரியதை அழித்துவிட்டு, நியூகெட்டில் எம்விசி 5.2க்கு உயர்த்துங்கள்.

பெக்கேஜ்கள்

சொலூஷனில் '.நியூகெட்' என்ற ஃபோல்டரும் அதற்குள் 'நியூகெட்.எக்ஸி'யும் இருந்தால், அது பழைய ரீஸ்டோர் முறை. நியூகெட் தளம் 2020இலிருந்து டிஎல்எஸ் 1.2 (பாதுகாப்பான இணைப்பு முறை) மட்டுமே ஏற்கிறது. பழைய எக்ஸி கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். ஃபோல்டரை அழித்து, புரொஜெக்ட் பைலில் 'நியூகெட்.டார்கெட்ஸ்' என்று வரும் இம்போர்ட் வரியையும் நீக்கினால் விசுவல் ஸ்டூடியோ தானே பார்த்துக்கொள்ளும். ஓடும்போது 'பின்\ரொஸ்லின்\சிஎஸ்சி.எக்ஸி' இல்லை என்று மஞ்சள் பக்கம் வந்தால், 'டொட்நெட்கொம்பைலர்பிளட்ஃபோர்ம்' பெக்கேஜை 'அப்டேட்-பெக்கேஜ்' கட்டளையில் '-ரீஇன்ஸ்டோல்' சேர்த்துத் திரும்பப் போடுங்கள்.

அறிக்கை அடிக்கும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், விசுவல் ஸ்டூடியோ 2008 வரைதான் அதோடு சேர்ந்து வந்தது. இப்போது எஸ்ஏபி தளத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும்.

வெப்.கொன்ஃபிக்

இது புரொஜெக்டின் அமைப்புகள் எழுதியுள்ள பைல். ஃபிரேம்வேர்க் 3.5இலிருந்து 4.8க்கு வந்தவுடன் 'சிஸ்டம்.வெப்.எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதி இரண்டு முறை உள்ளது என்று எரர் வரும். 4இல் அது மெஷின்.கொன்ஃபிக்கிலேயே வந்துவிட்டது. உங்கள் பைலில் 'கொன்ஃபிக்செக்ஷன்ஸ்' கீழே உள்ள அந்தக் குழுவை அழித்தால் தீர்ந்தது.

பக்கம் திறக்கிறது, ஆனால் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் ஜாவாஸ்கிரிப்டைப் பாருங்கள். 'சிடிஎல்00_' என்று தொடங்கும் ஐடியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். 4இல் ஐடி உருவாகும் விதம் மாறிவிட்டது. 'பேஜஸ்' வரியில் 'கிளையன்ட்ஐடிமோட்' என்பதை 'ஓட்டோஐடி' ஆக்கி, 'கொன்ட்ரோல்ரெண்டரிங்கொம்பெட்டிபிலிட்டிவேர்ஷன்' 3.5 என்று கொடுங்கள்.

'எச்டிடிபிரன்டைம்' வரியில் 'டார்கெட்ஃபிரேம்வேர்க்' 4.8 என்று முதல் நாளே போட வேண்டாம். போட்டவுடன் பழைய நடத்தை பல மாறும். வெலிடேட்டர் (தட்டியதைச் சரிபார்க்கும் கொன்ட்ரோல்) உள்ள பக்கங்கள் ஜேகுவெரி மெப்பிங் இல்லை என்று விழும். முதலில் எல்லாப் பக்கங்களும் திறக்கட்டும். எஸ்எம்எஸ் கேட்வே, வங்கிச் சேவை போன்றவற்றை மென்பொருள் அழைக்கிறதென்றால் டிஎல்எஸ் 1.2க்காகப் பிறகு அதைப் போடத்தான் வேண்டும். அப்போது 'வெலிடேஷன்செட்டிங்ஸ்:அனொப்ட்ரூசிவ்வெலிடேஷன்மோட்' என்ற அப் செட்டிங்கை 'நன்' ஆக்குங்கள்.

டேட்டாபேஸும் தமிழும்

'.எம்டிஎஃப்' என்ற டேட்டாபேஸ் பைலின் பிரதியை மட்டுமே இணையுங்கள். புதிய எஸ்கியூஎல் சேர்வர் அதைத் தொட்டவுடன் உள்ளமைப்பை உயர்த்திவிடும்; பழைய கொம்பியூட்டரில் அது இனித் திறக்காது. கனெக்ஷன் வரியில் 'யூசர் இன்ஸ்டன்ஸ்=ட்ரூ' என்பதை நீக்கி, சேர்வர் பெயரை '(லோக்கல்டிபி)\எம்எஸ்எஸ்கியூஎல்லோக்கல்டிபி' என்று மாற்றுங்கள். மைக்ரோசொஃப்ட் எக்ஸஸ் பைல் என்றால் ஜெட் 4.0 டிரைவர் 32 பிட்டில் மட்டும் இருக்கிறது. 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'வெப் புரொஜெக்ட்ஸ்' என்று போய் 64 பிட் ஐஐஎஸ் எக்ஸ்பிரஸ் குறியை எடுத்துவிடுங்கள்.

எரரைவிட ஆபத்தானது திகதி. பழைய கொம்பியூட்டரில் பிரித்தானிய ஆங்கிலம் இருந்திருக்கும், புது லெப்டொப்பில் அமெரிக்க ஆங்கிலம். 13/04 என்று தட்டினால் எரர் வரும், அது நல்லது. 05/04 என்று தட்டினால் சத்தமில்லாமல் மே மாதம் 4ஆம் திகதி ஆகிவிடும். பேர் வேறு மாதத்தில் விழும். 'குளோபலைசேஷன்' வரியில் 'கல்ச்சர்' மதிப்பை 'ஈஎன்-ஜிபி' என்று நிறுத்திவிடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் பாமினியில் (யுனிகோட் அல்லாத பழைய தமிழ் ஃபொன்ட்) இருப்பது வழக்கம். ஃபொன்ட் இல்லாத லெப்டொப்பில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும், டேட்டா கெடவில்லை. இதில் ஒரு பொறி உண்டு. பாமினியில் 'ஈ' எழுத்தின் இடம் '<' குறி. அதற்குப் பின்னால் ஆங்கில எழுத்து வந்தால் ஏஎஸ்பி டொட் நெட் அதை எச்டிஎம்எல் என்று நினைத்து 'ஆபத்தான மதிப்பு' என்று தடுக்கும். 'ஈரக் கொழுந்து' என்று குறிப்புப் பெட்டியில் தட்டிப் பாருங்கள், விழும். பழைய பக்கத்தில் 'வெலிடேட்ரிக்குவெஸ்ட்' 'ஃபோல்ஸ்' என்று இருந்தாலும் 4இல் அது தனியாகச் செல்லாது, 'ரிக்குவெஸ்ட்வெலிடேஷன்மோட்' 2.0 என்று சேர்த்தால்தான் செல்லும். அந்தப் பக்கத்தில் திரைக்கு வரும் எழுத்தையெல்லாம் எச்டிஎம்எல் என்கோட் செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மட்டும் இதைச் செய்யுங்கள்.

யுனிகோடுக்கு மாற்றுவதென்றால் திறக்கும் வேலை முடிந்தபின் தனியாகச் செய்யுங்கள். 'வார்சார்' (தமிழ் யுனிகோட் ஏற்காத வகை) கொலம்களை 'என்வார்சார்' ஆக்காமல் மாற்றினால் எல்லாப் பெயரும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. பக்கத்திலேயே எழுதியிருக்கும் தமிழ் கெட்டுத் தெரிந்தால் 'சேவ் வித் என்கோடிங்' வழியாக 65001, சிக்னேச்சரோடு சேமியுங்கள்.

ஒபிஸ் கொம்பியூட்டரில் ஏற்றும்போது 500.23 எரர் வந்தால், பழைய ஹேண்ட்லர் வரிகள் 'சிஸ்டம்.வெப்'பின் கீழ் இருக்கின்றன என்று பொருள். ஐஐஎஸ்ஸில் அப்ளிகேஷன் பூலை அப்போதைக்கு 'கிளசிக்' ஆக்கலாம். பிறகு முடிந்துபோன ஒரு மாதத்தின் சம்பளப் பட்டியலை இரண்டு கொம்பியூட்டரிலும் அடித்து, பேர், நிறை, ஈபிஎஃப் 8, 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். பழைய கொம்பியூட்டரை அடுத்த சம்பள நாள் முடியும்வரை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.