ஆப்பியாவை அரை நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் நான் செய்த முதல் தப்பு, வழிகாட்டியோடு ஊர் சுற்ற ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்ததுதான். பதிவு செய்து கொடுத்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வேன் வந்தது, ஏறி உட்கார்ந்தேன், பூட்டிய கதவுகளாகப் பார்த்துக்கொண்டே போனேன். தெருவெல்லாம் வெள்ளை உடுப்பில் தேவாலயத்துக்கு நடந்துபோகும் குடும்பங்கள், வீட்டுப் பின்கட்டுகளிலிருந்து எழும் அடுப்புப் புகை. பார்க்க அழகுதான். ஆனால் சந்தை இல்லை, அருங்காட்சியகம் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி பணம் கட்டி ஒழுங்காகச் சுற்றினேன். அந்த இரண்டாவது சுற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கிழமையைச் சரியாகப் பிடியுங்கள்

செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒன்று. காரணம் 5-ஆவது படியில் வரும்.

கிழமை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமோவா 2011-இல் ஒரு நாளையே விழுங்கிய நாடு. அதுவரை பன்னாட்டுத் தேதிக் கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. வியாபாரமெல்லாம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவோடு. அங்கே திங்கட்கிழமை கடை திறக்கும்போது இங்கே ஞாயிறு. சரிப்பட்டு வரவில்லை என்று கோட்டுக்கு மேற்கே தாவிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 29-க்கு அப்புறம் நேராக 31. வெள்ளிக்கிழமை என்ற ஒன்று வரவே இல்லை. பக்கத்தில் உள்ள அமெரிக்க சமோவா மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. அரை மணி நேர விமானப் பயணத்தில் நேற்றைக்குப் போய்விடலாம்! அந்த வழியாக வருகிறவர்கள் பதிவுத் தேதியை இரண்டு முறை சரிபாருங்கள். நம் ஊரிலிருந்து பதிவு செய்தால், ஆப்பியா நேரம் நமக்கு ஏழரை மணி நேரம் முந்தியது.

நாம் பெரும்பாலும் ஃபிஜியின் நாந்தி வழியாகவோ ஆக்லாந்து வழியாகவோதான் போவோம். நாந்தியில் விமானத்துக்கு நேரம் கிடந்தால் அங்கே உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய் வாருங்கள். கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்களின் வழிவந்த கோயில். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு.

படி 2: வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசுங்கள்

தங்கும் விடுதியிலேயே கேட்கலாம், கடற்கரைச் சாலையில் உள்ள சுற்றுலா அலுவலகத்திலும் கேட்கலாம். டாக்சிக்காரர்களும் அழைத்துப் போவார்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாணயம் தாலா, சில்லறை செனே.

பல நகரச் சுற்றுகளில் போகிற போக்கில் ஓர் அருவியையும் ஒரு கடற்கரையையும் சேர்த்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அருவிக்கு இன்னொரு நாள் போகலாம். ஆப்பியா சின்ன ஊர், ஏறக்குறைய 37,000 பேர். ஆனால் அதன் கதை முழுக்கத் துறைமுகத்தை ஒட்டி வளையும் ஒரே கடற்கரைச் சாலையில் கிடக்கிறது. அந்தச் சாலையை மெதுவாகப் பார்த்துவிட்டு மலைப்பக்கம், எழுத்தாளர் ஸ்டீவன்சனின் வீடு இருக்கும் வைலீமாவுக்கு ஏறி இறங்கினால் அரை நாள் சரியாக இருக்கும்.

படி 3: உடுப்பும் நாலு வார்த்தையும்

முழங்கால் மறைகிற உடுப்பு, தொப்பி, தண்ணீர், கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஆண்களும் பெண்களும் கட்டும் லாவாலாவா நம் கைலியின் உடன்பிறப்பு. கைலி கட்டிப் பழகியவர்களுக்கு அங்கே வாங்கிக் கட்டிக்கொள்வதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

வணக்கத்துக்கு தாலோஃபா, நன்றிக்கு ஃபாஃபெதாய். மூன்றாவது வார்த்தைதான் முக்கியம்: தூலோ. உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் கடந்துபோக வேண்டியிருந்தால் இடுப்பை வளைத்து, கையைத் தாழ்த்தி, தூலோ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பெரியவர்கள் முன்னால் குனிந்து நகர்கிற பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் உடம்பு தானாகவே வளைந்துவிடும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி. சமோவ மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது "ஜி" என்ற எழுத்து "ங" ஒலியைக் குறிக்கிறது. மற்ற வெளிநாட்டுப் பயணிகள் இதில் தடுக்கி விழுவார்கள். குடும்பத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "ஐங்கா" என்பதுபோல் நம் காதில் விழும்; உண்மையில் அது "ஐஙா". ஙப்போல் வளை என்று படித்த நமக்கு அந்த எழுத்துக்கு ஒருவழியாக வேலை கிடைக்கிறது.

படி 4: காலை எட்டரைக்கே சாலையில் நில்லுங்கள்

வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் காவல்துறையின் பேண்டு வாத்தியக் குழு கடற்கரைச் சாலையில் அணிவகுத்து வரும். வெள்ளைத் தொப்பி, நீலச் சட்டை, கீழே கால்சட்டைக்குப் பதிலாக லாவாலாவா. அரசுக் கட்டடத்தின் முன் கொடி ஏறும்வரை போக்குவரத்து நிற்கும், நடப்பவர்களும் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள்.

அப்புறம் மணிக்கூண்டு. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டியது. வழிகாட்டி இங்கே ஒரு நிமிடத்தில் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள், 1929-ஐப் பற்றிக் கேளுங்கள். 1900 முதல் 1914 வரை ஜெர்மனி ஆண்ட தீவுகள் இவை. போர் தொடங்கியதும் நியூசிலாந்து பிடித்துக்கொண்டது. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பலைத் தனிமைப்படுத்தாமல் துறைமுகத்தில் விட்டார்கள். அதில் வந்த விஷக்காய்ச்சலில் ஏறக்குறைய 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், செத்துப் போனார்கள். பக்கத்து அமெரிக்க சமோவாவில் கப்பல்களைத் தடுத்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் மாவு இயக்கம் வலுத்தது. வன்முறை வேண்டாம், எங்கள் நாட்டை நாங்களே ஆள்கிறோம் என்ற இயக்கம். அவர்களுடைய சீருடை, வெள்ளைக் கோடு போட்ட கருநீல லாவாலாவா. அரசு அதைக் கட்டக்கூடத் தடை போட்டது. 1929 டிசம்பர் 28, சனிக்கிழமை, இந்தக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்த தலைவர் துப்புவா தமாசேசே லேயலோஃபி குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் இங்கே வந்து மன்னிப்புக் கேட்டது 2002-இல். எனக்கு வந்த வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. சாலையின் ஓர் இடத்தைக் கையால் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் அமலோற்பவ மாதா பேராலயம். பழைய கோயில் 2009 நிலநடுக்கத்தில் பழுதானதால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி 2014-இல் திறந்தார்கள். உள்ளே போனதும் அண்ணாந்து மரக்கூரையைப் பாருங்கள். முன்னால் விரிகிற துறைமுகத்தில்தான் 1889 மார்ச்சில் அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் சமோவா யாருக்கு என்று முறைத்துக்கொண்டு ஏழு போர்க்கப்பல்களை நிறுத்தியிருந்தன. புயல் வந்தது. யார் முதலில் கிளம்புவது என்ற வீம்பில் யாரும் நேரத்தோடு நகரவில்லை. பிரிட்டனின் கலியோப்பி மட்டும் கடைசி நேரத்தில் காற்றை எதிர்த்து வெளியே தப்பியது. மற்ற ஆறும் உடைந்தோ கரை தட்டியோ போயின.

படி 5: பண்பாட்டுக் கிராமத்தில் உட்காருங்கள்

சுற்றுலா அலுவலகத்தின் வளாகத்திலேயே நடக்கும் இலவச நிகழ்ச்சி இது. வழக்கமாகச் செவ்வாய் முதல் வியாழன் வரை காலை 10.30-க்குத் தொடங்கி இரண்டு மணி நேரம். முந்தின நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுவரில்லாத சமோவ வீட்டுக்கு ஃபாலெ என்று பெயர். பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள், அடுத்தவரை நோக்கிக் காலை நீட்டாதீர்கள். ஆவா என்ற வேர்ச்சாற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். முதலில் சில துளிகளைத் தரையில் சிந்தி, "மனூயா" என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். மண் வாசனை அடிக்கும், நாக்கு லேசாக மரத்துப்போகும். போதை எல்லாம் ஏறாது, பயப்படாதீர்கள்.

நான் அதிக நேரம் நின்றது உமு அடுப்பின் பக்கத்தில்தான். குழி தோண்டுவதில்லை. தரைமேலேயே விறகை எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின் மேல் ஈரப்பலாக்காய், சேப்பங்கிழங்கு, மீன் எல்லாவற்றையும் வைத்து வாழையிலையால் மூடிவிடுகிறார்கள். ஓர் இளைஞர் தேங்காயைத் துருவி, நார்க்கற்றைக்குள் பூவை வைத்து ஒரே முறுக்கில் பிழிந்தார். கெட்டிப்பால் கிண்ணத்தில் இறங்கியது. அதை இளம் சேப்ப இலைகளுக்குள் ஊற்றி, முடிச்சுப் போட்டு, கல்லின் மேல் வைத்தார். அந்தப் பண்டத்தின் பெயர் என்ன தெரியுமா? பாலுசாமி! எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவருக்கும் அதே பெயர். சிரிப்பை அடக்க முடியாமல், காரணத்தை விளக்க வேண்டியதாகிவிட்டது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ருசி, இலை அடையாளம் தெரியாமல் வெந்து தேங்காய்ப்பாலோடு குழைந்து, உப்பும் புகையுமாக இருந்தது.

பச்சை குத்தும் குடிலில் மட்டும் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்துவது பெயா. சீப்புப் போன்ற கருவியைத் தோலில் வைத்து இன்னொரு கோலால் தட்டுகிறார்கள். முடிய நாட்கணக்கில் ஆகும், அதுவரை வலியைப் பொறுத்துக் கிடக்க வேண்டும்.

படி 6: ஃபுஙாலெய் சந்தை, பிறகு முலினூ

சந்தையில் தண்டோடு கட்டிய சேப்பங்கிழங்கு மலைமலையாகக் கிடக்கும். கோக்கோ சமோவா ஒரு கோப்பை வாங்கிக் குடியுங்கள். வறுத்து இடித்த கோக்கோவைக் கொதிநீரில் கரைத்தது, அடியில் திப்பி தங்கும். அதையும் மென்று தின்பவர்கள் உண்டு. பேரம் பேசாதீர்கள், இங்கே அது வழக்கமில்லை.

மேற்கே நீளும் முலினூ முனையில் நாடாளுமன்றமும் உயர்குடித் தலைவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. சமோவா 1962 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றது, ஆனால் கொண்டாடுவது ஜூன் 1-இல். வண்டியிலிருந்தே பார்த்தால் போதும்.

படி 7: கடைசியில் வைலீமா

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் மேலே, கடற்கொள்ளையர் கதையால் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் வீடு. நுரையீரல் நோயோடு அலைந்தவர், இங்கே வந்து தங்கி, 1894 டிசம்பர் 3 அன்று 44 வயதில் இறந்தார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் துசிதாலா, கதை எழுதுபவர். வீடு இப்போது அருங்காட்சியகம். வியர்வை வழிந்துகொண்டே உள்ளே போனால் குளிர்காயும் கணப்பு அடுப்பு ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்து நினைப்பு விடவில்லை போலும்.

கல்லறை பின்னால் உள்ள வயேயா மலையுச்சியில். செங்குத்தான குறுக்குவழியில் முக்கால் மணி நேரம், சேறு வழுக்கும். மதியம் ஏறாதீர்கள், அதற்கு இன்னொரு காலையில் தனியாக வாருங்கள்.

திரும்பி இறங்கும்போது வேனை அனுப்பிவிட்டு உள்ளூர்ப் பேருந்தில் ஏறினேன். கண்ணைப் பறிக்கும் வண்ணம், மரப்பெஞ்சு, காதைக் கிழிக்கும் பாட்டு. ஒரு பாட்டி ஏறியதும் முன்வரிசைப் பையன் எழுந்துபோய்ப் பின்னால் தன் நண்பன் மடியில் உட்கார்ந்துகொண்டான். இடமில்லாவிட்டால் அங்கே மடிதான் இருக்கை. காசை இறங்கும்போது ஓட்டுநரிடம் கொடுத்தால் போதும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.