ஒரு நடிகரின் அடுத்த படத்தை ஊகிப்பது எப்படி: கிலியன் மர்ஃபியின் படப்பட்டியலை முன்வைத்து

தமக்குப் பிடித்த நடிகர் அடுத்து எந்தப் படத்தில் நடிக்கப்போகிறார் என்பதை அறிய விரும்புவோர் பெரும்பாலும் வதந்திகளின் பின்னால் அலைகிறார்கள். அயர்லாந்தின் கார்க் பகுதியில் 1976இல் பிறந்த கிலியன் மர்ஃபியைப் பொறுத்தவரை அந்த அலைச்சல் தேவையில்லை. (ஆங்கில எழுத்தைப் பார்த்துச் 'சிலியன்' என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம், ஐரிஷ் உச்சரிப்பில் அது 'கிலியன்'தான்.) கதாபாத்திரம் எப்படிப்பட்டது என்பதைவிட, யாருடன் வேலை செய்யப்போகிறோம் என்பதே அவருடைய தேர்வைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தாளில் ஆண்டு, இயக்குநர், எழுத்தாளர் என மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கதாபாத்திரத்தின் பெயருக்கு இடம் வேண்டாம். நாடகங்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனெனில் அவர் சட்டப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு நடிக்க வந்ததே 1996இல் கார்க் நகரில் அரங்கேறிய, எண்டா வால்ஷ் எழுதிய 'டிஸ்கோ பிக்ஸ்' நாடகத்தின் வழியாகத்தான். திரைப்படங்களை மட்டும் குறித்தால் இந்தத் தொடர்பின் இழை உங்கள் கைக்கே வராது.

அடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும் பெயர்களைச் சுற்றி வட்டமிடுங்கள். கிறிஸ்டோபர் நோலன் பெயரில் மட்டும் ஆறு வட்டங்கள் விழும்: 2005இல் வெளிவந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்துக்காகப் பேட்மேன் வேடத்துக்குச் சோதனைப் படப்பிடிப்பில் நடித்துவிட்டு வில்லன் வேடத்தைப் பெற்றவர், அதன்பின் நோலனின் மேலும் நான்கு படங்களில் துணை வேடங்களையே ஏற்று, பதினெட்டு ஆண்டுகள் கழித்து 'ஓப்பன்ஹைமர்' படத்தில்தான் அவருக்குக் கதாநாயகன் ஆனார். அதற்கு 2024இல் ஆஸ்கர் கிடைத்தது. அந்த விருதுக்குப் பின் வந்த படங்களில்தான் வட்டங்களின் பயன் நன்றாகத் தெரிகிறது. 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' படத்தின் திரைக்கதை அதே எண்டா வால்ஷுடையது. அதை இயக்கிய டிம் மீலன்ட்ஸ், மர்ஃபி நடித்த 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனை இயக்கியவர். அப்படத்துக்குப் பணம் வந்த வழியோ, 'ஓப்பன்ஹைமர்' படப்பிடிப்பின்போது உடன் நடித்த மாட் டேமனிடம் மர்ஃபி கதையைச் சொன்னதிலிருந்து தொடங்குகிறது. 2025இல் வந்த 'ஸ்டீவ்' படத்துக்கும் மீலன்ட்ஸே இயக்குநர், எழுத்து மாக்ஸ் போர்ட்டர். அந்தப் போர்ட்டரின் குறுநாவல் ஒன்றைத்தான் 2018இல் வால்ஷ் நாடகமாக்கி, மர்ஃபியை மேடையேற்றியிருந்தார்.

மூன்றாவதாக, இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். நோலனின் 'டன்கர்க்' படத்தில் மர்ஃபி நடித்த, மூழ்கும் கப்பலின் மேல் தனியாக உட்கார்ந்திருந்து மீட்கப்படும் சிப்பாய்க்குப் பெயரே கிடையாது. படகு மீண்டும் போர்முனைக்குத் திரும்புகிறது என்று தெரிந்ததும் அவர் உடல் மறுப்பதைக் கவனியுங்கள். மற்றது 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்': அதில் மர்ஃபியின் வேடமான, 1985ஆம் ஆண்டின் நியூ ராஸ் ஊரில் நிலக்கரி விற்கும் பில் ஃபர்லாங், வீட்டுக்கு வந்ததும் கைகளில் படிந்த கரியைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். கன்னியர் மடத்தின் சலவைக்கூடத்தில் கண்டதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவரின் தவிப்பு முழுவதும் அந்தத் தேய்ப்பில் இருக்கிறது. வேடம் சிறியதா பெரியதா என்பது அவருக்குக் கணக்கில்லை என்று இவ்விரண்டையும் பார்த்தால் புரியும்.

இனி புதிய அறிவிப்பு ஏதேனும் வந்தால், தலைப்பையும் கதைச்சுருக்கத்தையும் ஒதுக்கிவிட்டு இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர் பெயர்களை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பாளர் ஆலன் மோலோனியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய 'பிக் திங்ஸ் ஃபிலிம்ஸ்' நிறுவனம் தயாரிக்கிறதென்றால், அது அவரே தேடி எடுத்த கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இம்முறைக்குச் சிக்காத படங்களும் உண்டு. இயக்குநர் கென் லோச் பெயர் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் வரும், ஆனாலும் 2006இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' இல்லாமல் மர்ஃபியைப் பற்றிப் பேசவே முடியாது. அயர்லாந்து விடுதலைப் போரைச் சொல்லும் அப்படம் அவர் பிறந்த கார்க் மாவட்டத்திலேயே எடுக்கப்பட்டது. ஆகவே தாளில் நான்காவதாக ஒரு பத்தி போட்டு, படம் எடுக்கப்பட்ட ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள்.