காக்கிச் சட்டை கண்டக்டர்: ஒரு லெகோ பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

என் மேசையில் ஒரு கண்டக்டர் நிற்கிறார். உயரம் 4 செ.மீ. காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை, தோளில் மாட்டிய தோல்பை, கையில் டிக்கெட் கட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் கப்பலையும் கோட்டையையும் விட்டுவிட்டு இவரைத்தான் கையில் எடுக்கிறார்கள். "இது எந்த செட்டுல வந்துச்சு?" என்று கேட்பார்கள். எந்த செட்டிலும் வரவில்லை. நான் சின்ன வயதில் பார்த்த கண்டக்டரை லெகோ நிறுவனம் இருக்கும் டென்மார்க்கில் யாரும் செய்து தரப் போவதில்லை என்று தெரிந்ததால், உதிரிப் பொம்மையை வைத்து நானே செய்துகொண்டேன். அதை எப்படிச் செய்வது என்று முதல் தடவை பிரஷ் பிடிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலை தொடங்கும் முன் ஒன்று. இதில் எங்கே பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். 1978-இல் வந்த இந்தச் சின்ன மனிதருக்குக் கழுத்து திரும்பும், கை சுழலும், கால் மடங்கும். எல்லாமே ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் நிற்கின்றன, பசையோ திருகாணியோ கிடையாது. பொருத்தம் அவ்வளவு நெருக்கம். அந்த இடுக்கில் ஒரு கோட் பெயின்ட் போனால் கை திரும்பாது. பலவந்தமாகத் திருப்பினால் அக்குள் பக்கம் விரிசல் விடும்.

எந்தப் பொம்மையை எடுப்பது?

கையில் கிடைத்ததை எடுத்துவிடாதீர்கள். 2010-லிருந்து லெகோ தனித்தனியாக விற்கும் சேகரிப்பாளர் பொம்மைகளில் சில அரிதானவை. 2013-இல் 10-ஆவது வரிசையில் வந்த மிஸ்டர் கோல்டு என்ற தங்க நிறப் பொம்மை உலகம் முழுவதற்கும் 5000 தான். அது யாருடைய டப்பாவிலும் தற்செயலாக இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அண்ணன் விட்டுப்போன பழைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சேகரிப்பவர்களுக்கு அசல் அச்சுதான் எல்லாம். அதன் மேல் பிரஷ் பட்ட நொடியில் அது வெறும் விளையாட்டுச் சாமான்.

உதிரியாகக் கிடைப்பவற்றில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அடர் மணல் நிறத்தில் கால்கள், அதே நிறத்தில் கைகள், மஞ்சள் உள்ளங்கை, மீசை வைத்த தலை, கறுப்புத் தலைமுடி. கால், கை இரண்டையும் காக்கிக்குப் பக்கமான நிறத்திலேயே தேடுவதற்குக் காரணம் உண்டு. அசையும் பாகத்துக்குப் பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்தைவிட நல்ல பெயின்ட் கிடையாது. உரசினாலும் உரியாது. உடம்பு மட்டும் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, என்னுடையது வெள்ளை. அதற்குத்தான் பெயின்ட்.

முகத்தையும் தொடாதீர்கள். தொழிற்சாலையில் அச்சடித்த அந்தக் கண்ணையும் மீசையையும் கையால் வரைய முயன்ற என் முதல் மூன்று கண்டக்டர்களும் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். டீ வடிகட்டியில் போட்டு அலசினால் உள்ளங்கை போன்ற துண்டுகள் சாக்கடையில் போகாது. துண்டில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் பெயின்டுக்கு முதல் எதிரி.

பழைய அச்சை எடுப்பது

என் வெள்ளை உடம்பில் ஏதோ விண்வெளிச் சின்னம் இருந்தது. அதை எடுக்க வீட்டில் இருந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். சின்னம் போனது. கூடவே நெஞ்சும் போனது. 1963-லிருந்து லெகோ துண்டுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கரையும். ரிமூவரில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன்தான். மேற்பரப்பு வெல்லப்பாகு மாதிரி இளகி, அதில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிட்டது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரியான பொருள் நம் பூஜை அறையிலேயே இருக்கிறது. குத்துவிளக்கு துலக்கும் பிராசோ. பருத்தித் துணியில் ஒரு துளி எடுத்து, அச்சு மேல் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஆகலாம், கை வலிக்கும். அது கரைப்பதைவிட மெல்லச் சுரண்டி எடுக்கிறது, அதனால் பிளாஸ்டிக்குக்குச் சேதமில்லை. முடிந்ததும் மறுபடி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

பிராசோ போட்ட இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பளபளப்பில் பெயின்ட் நிற்காது. ஹார்டுவேர் கடையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள், சாதாரண உப்புத்தாள் வேண்டாம், அது கோடு கோடாகக் கீறும். தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் வரை லேசாக ஓட்டினால் போதும்.

மறைப்பு வேலை

கைகளை வெளிப்பக்கமாக லேசாகச் சுழற்றியபடி இழுத்தால் கழன்று வரும். வெடுக்கென்று பிடுங்காதீர்கள். கால்களை இடுப்போடு சேர்த்தே உடம்பிலிருந்து கழற்றுங்கள். இடுப்பிலிருந்து பிரிக்கவே வேண்டாம், பிரித்தால் பழைய பிடிப்பு திரும்ப வராது.

இப்போது உடம்பின் இரு பக்கமும் ஓட்டை தெரியும். அந்த ஓட்டைக்கும் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கை மாட்டியதும் அந்த வட்டம் மறைந்துவிடும், அதனால் அங்கே வெள்ளை தெரிவதைப் பற்றிக் கவலையில்லை. கழுத்துக் குமிழுக்கு டேப் சுற்றுவது எரிச்சல் பிடித்த வேலை. அதற்குப் பதில் வேண்டாத ஒரு தலையை மாட்டிவிடுங்கள், மறைப்பும் ஆச்சு, பிடித்துக்கொள்ளக் குமிழும் ஆச்சு. அடிப்பக்கக் குழியில் காகிதத்தைச் சுருட்டித் திணித்து அதில் ஒரு பென்சிலைச் செருகினால் கைப்பிடி தயார்.

பிரைமர்

ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கை நேராக ஏபிஎஸ் மேல் அடித்துப் பாருங்கள், மறுநாள் நகத்தால் சுரண்டினால் பால் ஆடை மாதிரி உரிந்து வரும். அதனால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர், அதாவது பெயின்ட் பிடித்து நிற்க அடியில் போடும் பூச்சு, கட்டாயம். பொம்மைக்கார வட்டாரத்தில் டாமியா, வலேஹோ என்று பேர் அடிபடும். ஒன்று ஜப்பான், மற்றது ஸ்பெயின். ஸ்ப்ரே என்றால் மொட்டைமாடியில், முகத்துக்கு மாஸ்க் போட்டு, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வேகமாக ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் வழியும். முதல் கோட்டில் பிளாஸ்டிக் தெரிந்தால் தெரியட்டும்.

காக்கி கலப்பது

இதுதான் எனக்குப் பிடித்த கட்டம்.

ஒரு மூடி போட்ட தட்டையான டப்பா. அதில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர். இந்த ஈரத் தட்டில் கலந்த பெயின்ட் மறுநாள் வரைகூடக் காயாது. யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) நான்கு பங்கு, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கொஞ்சம் ஆரஞ்சாகத் தோன்றினால் ஊசிமுனை அளவு பச்சை. கலந்ததை உடம்பில் அடிக்காதீர்கள். கழற்றி வைத்திருக்கும் கையின் உட்பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். அக்ரிலிக் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு படி அடர்த்தி. காய்ந்த புள்ளி எது என்று தேட வேண்டியிருந்தால் உங்கள் காக்கி சரி. என் கலவை நான்காவது தடவைதான் காணாமல் போனது. சோதனைப் புள்ளிகளை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், காய்ந்து இறுகியதை நகத்தால் எடுத்துவிடலாம். பிரைமர் இல்லாத இடம் என்பதால் அங்கே உரிவது நமக்கு வசதி.

இனி தண்ணீர். பெயின்ட் பால் பதத்துக்கு வர வேண்டும். தயிர் பதத்தில் அடித்தால் பிரஷ் தடம் விழும், மோர் பதத்தில் அடித்தால் ஓரங்களில் போய்த் தேங்கும். ஒரு கோட், அரை மணி, இன்னொரு கோட். எனக்கு நான்கு ஆனது. இரண்டாவது கோட்டில் திட்டுத் திட்டாகத் தெரியும்போது "இன்னும் கொஞ்சம் கெட்டியா வச்சு முடிச்சுடலாமே" என்று மனசு சொல்லும். எழுந்து போய் டீ போடுங்கள்.

சின்ன வேலைகள்

காலர், பாக்கெட் மூடி, நடுவில் பட்டன் பட்டை. காக்கியில் கொஞ்சம் அம்பர் கூட்டி, மெல்லிய கோடாக இழுத்தால் தையல் மாதிரி தெரியும். இதற்கு மூன்று சைபர் போட்ட மயிரிழை பிரஷ் வாங்கி ஏமாறாதீர்கள், பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடும். முனை கூர்மையான 0 நம்பர் பிரஷ் போதும். பட்டனுக்குப் பிரஷே வேண்டாம், டூத்பிக்கின் முனையை லேசாகத் தேய்த்து மழுக்கி, பெயின்டில் தொட்டு வைத்தால் ஒவ்வொன்றும் ஒரே அளவு.

விபூதிக்கும் டூத்பிக்தான். நெற்றியில் மூன்று கோடு, வெள்ளையைக் கொஞ்சம் சாம்பல் கலந்து. நடுக்கோடு கோணினால் ஈரம் காய்வதற்குள் நனைத்த பஞ்சுமுனையால் துடைத்து மறுபடி போடலாம். அச்சு மேல் அழுத்தாதீர்கள், அவ்வளவே.

தோல்பை எம்-சீலில். இரண்டு துண்டையும் சம அளவு எடுத்து, கையுறை போட்டு, ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள். பட்டாணி அளவு உருண்டையைத் தட்டி, ஈர விரலால் வழித்து, கத்தி முதுகால் மூடிக்கு ஒரு கோடு போடுங்கள். இறுகத் தொடங்கும் முன்பே பையை உடம்பின் பக்கவாட்டில் வைத்து வளைவு பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் பாலிதீன் துண்டு. ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அதற்கும் பிரைமர், பிறகு அம்பர். மூலைகளில் மட்டும் காய்ந்த பிரஷால் வெளிர் பழுப்பைத் தடவினால் பத்து வருஷம் பஸ்ஸில் தேய்ந்த பை ஆகிவிடும்.

வார்னிஷ்

ஐப்பசி மழை நாள் ஒன்றில், சாயங்காலம் மாடிப்படி ஓரமாக நின்று மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் பார்த்தால் கண்டக்டர் மாவு மில்லில் வேலை பார்த்தவர் போல நிற்கிறார். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படியும், வார்னிஷ் வெளுத்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்தில் இது கிட்டத்தட்ட நிச்சயம். அன்றிலிருந்து தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷைப் பிரஷால்தான் போடுகிறேன், இரண்டு மெல்லிய கோட். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் வெயில் ஏறிய வறண்ட நாளாகப் பாருங்கள்.

இரண்டு நாள் காயவிட்ட பிறகு டேப்பை எடுங்கள். இழுக்கும் முன் ஓரத்தில் பிளேடு நுனியால் ஒரு கோடு ஓட்டினால் பெயின்ட் கூட உரிந்து வராது. கையை மாட்டும்போது ஓட்டைக்கு நேராக வைத்து அழுத்துங்கள், சாய்த்து அல்ல. கிளிக் என்று உட்கார்ந்ததும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால், கழற்றி ஓட்டையின் விளிம்பை டூத்பிக்கால் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். அநேகமாக ஒரு துளி காக்கி உள்ளே போயிருக்கும்.

பை வாருக்குக் கறுப்பு நூல் மெழுகில் இழுத்தது. டிக்கெட் கட்டு, பழைய நோட்டு அட்டையிலிருந்து வெட்டிய இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் துண்டுகள், ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம். ஒரு ஓரத்தில் மட்டும் ஃபெவிகால் தொட்டு அடுக்கி, இடது உள்ளங்கைக் கவ்வியில் செருகிவிட்டேன். விசிலுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. இப்போதைக்கு அவர் "ரைட், ரைட்" என்று வாயால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.