செரிமானக் கோளாறு உள்ள நாய்க்கு உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வயிற்றுக் கோளாறு என்ற ஒரே பெயரில் நாம் சொல்லும் தொல்லைகள் பல வகைப்பட்டவை என்பதால், ஒரு நாய்க்கு ஒத்துக்கொண்ட உணவு இன்னொன்றின் வயிற்றைக் கெடுத்துவிடக்கூடும். கணைய அழற்சி கண்ட நாய்க்குக் கொழுப்பைக் குறைக்க வேண்டும். பெருங்குடல் கெட்ட நாய்க்கு நார்ச்சத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்க்குப் புரதத்தையே மாற்ற வேண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் நாய் மலம் கழிக்கும் விதத்தைச் சில நாள் கவனித்துக் குறித்துவைப்பதே முதல் வேலை.

அளவில் மிகுதியாக, ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பேதியாகி, உடல் எடையும் குறைந்துவந்தால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி முக்கிக் கழித்து, அதில் சளியோ சிவந்த இரத்தமோ கலந்திருந்தால் பெருங்குடலைச் சந்தேகிக்கலாம். இந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரைப் பார்க்கும்போது மலப் பரிசோதனையையும் செய்துவிடுவது நல்லது. குடற்புழுவோ ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியோ உள்ளே இருக்கும்வரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உணவும் பயன் தராது. நாட்டு நாய்க்கு எதையும் செரிக்கும் வயிறு என்பது வெறும் நம்பிக்கையே. சிப்பிப்பாறைக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும்.

தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டி வாந்தியும் துர்நாற்றமுள்ள இரத்தப்பேதியுமாகச் சோர்ந்து கிடந்தாலும், மலம் தார்போலக் கறுத்திருந்தாலும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், வயிறு உப்பி வாந்தி வராமல் வெறுமனே குமட்டினாலும் உணவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

திடீரென வயிறு கெட்டு, மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்குத் தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கும், குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கும் சேர்த்துப் பிசைந்து, சிறு சிறு அளவாக நாளுக்கு நான்கைந்து வேளை தரலாம். உப்பு, மசாலா, எண்ணெய், நெய் எதுவும் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; அவற்றின் சாறு கறியில் ஊறியிருக்கும் என்பதால், வீட்டுக் குழம்பிலிருந்து துண்டுகளை எடுத்துக் கழுவிப் போடுவதும் சரியல்ல. நம் வீடுகளில் வயிறு சரியில்லை என்றதும் பாலோ தயிர்ச்சோறோ வைப்பது வழக்கம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவாதலால் பால் பேதியைக் கூட்டவே செய்யும். தயிர் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும், பேதியாகும் நாளில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. கோழியும் சோறும் மட்டும் உள்ள உணவில் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதாததால், மலம் இறுகிய பிறகு ஒரு வார காலத்தில் வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதற்கே திரும்பிவிட வேண்டும்.

கோளாறு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலோதான் உணவையே மாற்றும் கேள்வி எழுகிறது. பையின் முகப்பில் 'சென்சிடிவ்' என்று அச்சிட்டிருப்பது கொழுப்பின் அளவையோ புரதத்தின் வகையையோ உறுதிசெய்வதில்லை. பின்பக்கத்து அட்டவணையைத்தான் படிக்க வேண்டும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. 12 சதவீதக் கொழுப்புள்ள உலர் உணவைவிட 4 சதவீதக் கொழுப்புள்ள ஈர உணவு இலேசானது என்று தோன்றும். ஆனால் ஈர உணவில் 80 சதவீதம் தண்ணீர். மீதமுள்ள 20 பங்கில் 4 பங்கு கொழுப்பு என்றால், நீரை நீக்கிய கணக்கில் அது 20 சதவீதமாகிறது. 10 சதவீத ஈரப்பதம் கொண்ட உலர் உணவிலோ அதே கணக்கு 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கணைய அழற்சிக்கு ஆளான நாய்க்கு, குறிப்பாக அந்நோய் எளிதில் தாக்கும் மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்களுக்கு, இந்தக் கணக்கைப் போடாமல் டப்பாவை வாங்குவது ஆபத்து. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களிடம் அதிகம் காணப்படும் கணைய நொதிக் குறைபாடு இதிலிருந்து வேறுபட்டது. அங்கே உணவோடு நொதிப்பொடியையும் சேர்த்தால்தான் தின்றது உடம்பில் ஒட்டும்.

பெருங்குடல் தொல்லைக்கு, வேகவைத்து மசித்த பரங்கிக்காயோ தண்ணீரில் ஊறவைத்த இசப்கோலோ சிறிதளவு சேர்ப்பது பல நாய்களுக்கு உதவுகிறது. நாயின் எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்லட்டும்.

ஒவ்வாமை என்ற ஐயம் வந்தால், நாய் இதுவரை உண்டிராத ஒரே ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோழியிலேயே வளர்ந்த நாய்க்கு மீனோ ஆட்டுக்கறியோ அப்படி அமையலாம்; அவையும் பழகியிருந்தால், புரதத்தை நுண்துகள்களாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவை மருத்துவர் பரிந்துரைப்பார். இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்பது உணவால் அல்ல. தாத்தா தேநீர் குடிக்கும்போது நீட்டும் பிஸ்கட், சுவையூட்டிய குடற்புழு மாத்திரை, வாசலில் கிடைக்கும் எச்சில் எலும்பு ஆகியவையே அதைக் குலைக்கின்றன. எனவே வீட்டிலுள்ள எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குடல் ஒவ்வாமையானால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மாற்றம் தெரிந்துவிடும். அதை உறுதிசெய்யப் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்ப்பதே முறை என்றாலும், தேறிய நாயை மீண்டும் வாட்ட மனமின்றிப் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; அதில் பெரிய பிழை இல்லை. மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் இன்னொரு பையை வாங்காமல், வைட்டமின் பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் ஸ்கேனுக்கும் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும்.