ஏறின கியரிலேயே இறங்கு: மலையோட்டத்துக்கு வருகிறவர்களிடம் சில வார்த்தை

போன சீசனில் நான் ஓடவில்லை. தேவிகுளத்துக்குக் கீழே ஒரு வளைவில் தண்ணீர் மேசை போட்டு நின்றேன். ஓடும்போது கண்ணில் படாதது நிற்கும்போது படுகிறது. மேலே ஏறுகையில் தலை குனிந்து, அடக்க ஒடுக்கமாக "அண்ணே, ஒரு கிளாஸ்" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போன அதே ஆட்கள், திரும்பி வரும்போது மேசைப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கையை வீசிக்கொண்டு, தார் ரோட்டில் பட் பட்டென்று அறைந்துகொண்டு பறந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே வளைவில் அதே சத்தத்தோடு நானும் போயிருக்கிறேன்.

புது ஷூவோடு வராதே, கால் நகத்தை வெட்டு, முதல் நாள் ராத்திரி பரோட்டாவும் பீஃபும் வேண்டாம்: இதையெல்லாம் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் ஜீப் ஓட்டுகிறவன். மூணாறு, தேவிகுளம், மாட்டுப்பட்டி என்று இந்தப் பக்கத்து ரோடுகளில் பத்து கிலோமீட்டரும் ஓடியிருக்கிறேன், 21ம் ஓடியிருக்கிறேன், 42ம் ஓடியிருக்கிறேன். இங்கே வருகிறவர்கள் செய்கிற தப்புகளில் நான் பட்டதையும் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்துப் பெயர் கொடுப்பது

சென்னைக் கடற்கரையில் 21 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடித்தவர், இங்கேயும் அதே 21தானே என்று வருகிறார். மூணாறு டவுனே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்றழுத்தம் சென்னையைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. மூச்சு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையோட்டக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக்கொள். 21 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது 27. பெயர் கொடுக்கும் முன் தூரத்தைக் கேட்பதுபோல மொத்த ஏற்றம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இறக்கத்தில் நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயிற்சி எடுத்து வருகிறார்கள். இறக்கம் அவர்களுக்கு இலவசம்.

என் முதல் 42ல் ஏற்றம் முழுக்கப் பொறுமையாகப் போனேன். உச்சியில் திரும்பியதும் காலை அவிழ்த்துவிட்டேன். காலை எட்டி எட்டிப் போட்டு, ஒவ்வொருவராகத் தாண்டி, எண்ணிக்கொண்டே இறங்கினேன். பத்தொன்பது பேரைத் தாண்டினேன். அந்த எண் இன்னும் மறக்கவில்லை, மானக்கேடு. மூச்சு வாங்கவே இல்லை. அடிவாரத்தில் ரோடு சமமானதும் தொடை இரண்டும் என்னுடையவை இல்லை. முன் தொடையை யாரோ ஈரத் துணியைப்போல முறுக்குகிற மாதிரி இருந்தது. கடைசி ஏற்றத்தில் அந்தப் பத்தொன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். நான் நடந்துகொண்டிருந்தேன்.

அதோடு விட்டதா? மறுநாள் லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) படியில் இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். நாலு நாள். கிளட்சை மிதித்தால் தொடை நடுங்கியது. சீசன் உச்சத்தில் ஒரு வாரம் ஜீப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டத்துக்குக் கட்டிய பணத்தைப்போலப் பல மடங்கு அதில் போயிற்று.

நடப்பது இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். இழுபட்டுக்கொண்டே வேலை செய்கிற தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அப்போது வராது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். இன்னொரு மோசம், மிதமான இறக்கத்தில் ஓடச் சமதளத்தைவிடக் குறைந்த ஆக்ஸிஜன் போதும். அதனால் நுரையீரல் எச்சரிக்கை கொடுப்பதில்லை. வாட்சில் இதயத் துடிப்பும் நல்ல பிள்ளையாகக் காட்டும். தொடை உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

ஜீப்காரனுக்கு இது புதிதா? எங்கள் தொழிலில் முதல் பாடமே, ஏறின கியரிலேயே இறங்கு. கொழுக்குமலைப் பாதையில் முதல் கியரில் ஏறினவன் முதல் கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்புகிறவன் வண்டியில் பாதி வழியிலேயே லைனிங் கருகுகிற வாடை வந்துவிடும். இதைப் பத்து வருஷம் செய்தவன்தான் சொந்தக் காலில் அதை மறந்தேன்.

உலகமெல்லாம் இதே கதைதான். பாஸ்டன் மாரத்தான் 1897லிருந்து நடக்கிறது. தொடங்குகிற இடத்தைவிட முடிகிற இடம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. முதல் சில கிலோமீட்டர் சுகமாக இறங்கும். புதியவர்கள் அங்கே காலைச் செலவழித்துவிட்டு, 32 கிலோமீட்டருக்கு மேல் வருகிற ஹார்ட்பிரேக் ஹில்லில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மேடு உயரம் 27 மீட்டர்தான்! எங்கள் ஊரில் அதற்கு மேடு என்றுகூடப் பெயர் வைக்க மாட்டோம். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவே ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் இறங்கும். இறங்குகிற வருஷம்தான் காலுக்குக் கொடுமை என்று அதை ஓடினவர்கள் பலர் சொல்கிறார்கள்.

போன சீசனில் மதுரைப் பையன் ஒருவன் மேசைக்கு வந்தான். "ஏறும்போது ஆறு நிமிஷம் போச்சுண்ணே. இறக்கத்துல புடிச்சிருவேன்."

"மெதுவா போ தம்பி, தொடை போயிரும்."

"மூச்சு சூப்பரா இருக்குண்ணே!"

அதுதான் வினையே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டான். மேசையை எடுத்துக்கொண்டு வரும்போது, டவுனுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் பாலத்துத் திண்டில் உட்கார்ந்து தொடையைப் பிசைந்துகொண்டிருந்தான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். ஏறுவதற்கே கை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, எப்படி இறங்குவது? எனக்குக் கற்றுக்கொடுத்தது கோச் இல்லை, எங்கள் அத்தை. எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். முப்பது கிலோ போலச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் சொதசொதவென்று இருக்கிற ஒற்றையடிப் பாதையில் நிறுவைக்கு இறங்குவாள். அவளைக் கவனித்தால் கால் முன்னால் நீளவே நீளாது. முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். சின்னச் சின்ன அடி, தையல் மிஷின் ஊசி மாதிரி. என் வீங்கின தொடையைப் பார்த்துவிட்டு, "காலை நீட்டாதடா, ஒனக்குக் கீழயே வை" என்றாள். பின்னால் சாயாமல், அடியைக் குறுக்கி, பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே ஊன்றுவது. கண் நாலைந்து மீட்டர் தள்ளி. கொண்டை ஊசி வளைவின் உள் விளிம்புதான் செங்குத்து அதிகம், குறுக்குவழி என்று அதில் இறங்காமல் இருப்பது. பேச்சு தாராளமாக வருகிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். இறக்கத்தில் மூச்சை நம்ப வேண்டாம், அடிச் சத்தத்தை நம்புங்கள். பட் பட்டென்று கேட்டால் பிரேக் பிடிக்கிறீர்கள்.

பயிற்சியும் வேண்டும். ஒருமுறை இறங்கி ஓடி வலி கண்ட தசை, அடுத்த முறை அவ்வளவு அடிபடுவதில்லை. அந்தக் காப்பு சில வாரம் நிற்கும். ஓட்டத்துக்கு ஆறெட்டு வாரத்துக்கு முன்பே வாரம் ஒரு நாள் இறக்கம் ஓடுங்கள். முதல் வாரம் மொத்தமாகப் பத்து நிமிஷம் போதும், பிறகு கூட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் கடுமையான இறக்கம் வேண்டாம். தேனிக்காரர்களுக்குப் போடிமெட்டுச் சாலை வீட்டு வாசல். சென்னைக்காரர்கள் பரங்கிமலையிலோ, ஏதாவது மேம்பாலத்திலோ பாருங்கள்.

கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று ஓடுவது

இந்த ரோட்டில் செல்லாது.

குளிர்தானே, தாகம் இல்லையே

ஜனவரியில் இங்கே புல்லில் உறைபனி பிடிக்கிற காலைகள் உண்டு. தாகம் தெரியாது, ஆனால் வேர்வை போகும். வெயில் ஏறினதும் ஒரேயடியாகக் குடித்து வயிறு கலங்கி ரோட்டோரம் நிற்பார்கள். ஆரம்பத்திலிருந்தே மேசைக்கு மேசை இரண்டு மடக்கு போதும். மேலே போட்டுக்கொள்ளப் பழைய சட்டை ஒன்று கொண்டுவாருங்கள்; கழற்றி எங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகலாம். தேயிலைச் செடி மேல் எறியாதீர்கள், மறுநாள் கொழுந்து எடுக்கிறவர்கள்தான் பொறுக்க வேண்டும்.

இயர்போன்

யானை ஹாரன் அடிக்காது.

வளைவில் நின்று செல்ஃபி

தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோட்டில் பள்ளத்தாக்கு விரிகிற இடம் அழகுதான், நானும் நிற்பேன். ஆனால் மூடு வளைவில், மஞ்சு இறங்கியிருக்கும்போது, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஜீப் ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன்: பத்தடிக்கு அப்பால் உங்களை எனக்குத் தெரியாது.

முடித்த கையோடு வண்டி எடுப்பது

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே காரை எடுத்து மலை இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. போடிமெட்டுக்குக் கீழே மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கிளட்ச், பிரேக், கிளட்ச். அரை மணியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதுவும் வளைவில்தான் பிடிக்கும். ஓடாத ஆள் ஒருவரைக் கூட்டிவாருங்கள், இல்லையென்றால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள். அதுவும் முடியாதென்றால் மூணாறிலிருந்து போடிக்கு பஸ் இருக்கிறது. ஜன்னலோர சீட்டில் காலை நீட்ட இடம் கிடைக்காது, நடைவழி ஓரமாகப் பார்த்து உட்காருங்கள்.