வெளி மானிட்டரில் கலர் டல்லடித்தால் படத்தில் கைவைக்காதீர்கள்

வைகாசி, ஆனி என்றால் காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்குள் டிசைன் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் இந்த வருடம் ஒரு தம்பி புதிதாக வேலைக்கு வந்தான். சொந்த லேப்டாப் வைத்திருந்தான், அதில் மாட்ட 24 அங்குல மானிட்டர் ஒன்றும் புதிதாக வாங்கியிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் பின்னால் போய் நின்றேன். மானிட்டருக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி கான்ட்ராஸ்டை 75-லிருந்து 90-க்கு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"படம் வெளுத்தாப்ல இருக்குண்ணே. மாட்டுன நாள்லருந்தே இப்படித்தான். அதான் கொஞ்சம் ஏத்துறேன்."

அடுத்து அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கான்ட்ராஸ்ட் போதாது என்று போட்டோஷாப்பில் இருட்டு, வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸைத் திறப்பான், கருப்புப் பக்கத்து முக்கோணத்தை உள்ளே இழுப்பான். சில வருடங்களுக்கு முன்னால் அதே மேசையில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்தேன். போன வருடம் வந்த பெண்ணும் அதைத்தான் செய்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேபிள் லூசாக இருப்பது, நைட் லைட் (இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி) அணைக்க மறப்பது, பிரைட்னஸ் குறைந்து கிடப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, நான் சொல்லத் தேவையில்லை. வேலை தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிக்னல் கோளாறைப் படத்தில் சரிசெய்வது

முதலில் என் கதை. ஒரு பார்ட்டிக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு, தினசரி காலண்டர் அட்டை. மகாலட்சுமி படம், பின்னால் முழுக்கக் கருப்பு, அரக்கு நிறப் பட்டுச்சேலை. புது மானிட்டரில் திறந்தால் கருப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. ஸ்கேன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கருப்பை இழுத்தேன், சேலையின் நிழல்களை அழுத்தினேன். திரையில் பளிச்சென்று வந்தது, மனசுக்கும் நிறைவாக இருந்தது. ஆடி நெருங்கிவிட்டதால் ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுக்காமல் நேராக அச்சுப் பிளேட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மெஷினில் ஓடிய முதல் தாள்களை மெஷின்காரர் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். "தம்பி, நிழலெல்லாம் அடைச்சுப் போச்சு பாரு" என்றார். சேலை மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரே கருஞ்சிவப்புத் திட்டு. நாலு கலரும் அந்த இடத்தில் குவிந்து மை காயாமல், மேலே விழுந்த தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. தாளைத் தொட்ட என் விரலிலும் மை வந்தது. நாலு பிளேட்டும் வீண், ஓடிய ஆர்ட் பேப்பரும் வீண். முதலாளி அண்ணாச்சி என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இத்தனைக்கும் ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. மானிட்டரும் நல்ல மானிட்டர்தான். லேப்டாப் அனுப்பிய சிக்னல் ஒரு வகை, மானிட்டர் எதிர்பார்த்த சிக்னல் வேறு வகை.

கணினியில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை போகும். 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. டிவி உலகத்தில் கணக்கு வேறு. 1982-ல் டிஜிட்டல் வீடியோவுக்குத் தரம் வகுத்தபோது கருப்பை 16-லும் வெள்ளையை 235-லும் வைத்தார்கள். அனலாக் சிக்னல் மேலும் கீழும் துள்ளும், அதற்கு இடம் வேண்டும் என்று இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். அந்த வழக்கம், இன்று டிவிக்கும் மானிட்டருக்கும் மாட்டுகிற எச்டிஎம்ஐ கேபிள் வரைக்கும் வந்துவிட்டது. 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் என்பது டிவிக்கும் உரிய அளவு. எச்டிஎம்ஐ வழியாக அந்த அளவில் ஒரு திரையைக் கண்டால், சில கிராபிக்ஸ் டிரைவர்கள் (லேப்டாப்பிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள்) அதை டிவி என்று எடுத்துக்கொண்டு 16 முதல் 235 வரைக்குள் எல்லா நிறத்தையும் சுருக்கி அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை வரும் என்று காத்திருக்கும். 16 என்று வருகிற கருப்பை அது கருப்பாகக் காட்டாது, இருண்ட சாம்பலாகத்தான் காட்டும். 235 என்று வருகிற வெள்ளையும் மங்கித் தெரியும். 1000-க்கு 1 கான்ட்ராஸ்ட் உள்ள நல்ல ஐபிஎஸ் மானிட்டர்கூட இப்படி மாட்டினால் ஏறக்குறைய கால் பங்குக்கு இறங்கிவிடும்.

இதை மானிட்டர் பொத்தானால் சரிசெய்ய முடியாது. பிரைட்னஸைக் குறைத்தால் பின்விளக்கின் ஒளிதான் குறையும், கருப்பும் வெள்ளையும் சேர்ந்தே மங்கும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் வெள்ளைப் பக்கம் வெட்டுப்பட்டு, மல்லிகைப் பூவில் இதழ் எது என்று தெரியாமல் போகும். படத்தில் கருப்பை இழுத்தாலோ, உங்கள் திரையில் மட்டும் அழகாக இருக்கும். அச்சிலும் மற்ற எல்லாத் திரையிலும் அடைத்துக்கொள்ளும். இந்தத் தவறில் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். செய்து முடித்த பிறகு உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ப்ரூஃப் கைக்கு வரும்வரை சந்தேகமே வராது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முழுத்திரைக்கு ஒரு கருப்புப் படத்தைத் திறந்து, அறை விளக்கை அணையுங்கள். அந்தக் கருப்பைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு கேபிளை உருவுங்கள். பல மானிட்டர்களில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து கருப்புத் தரையில் வரும். அந்தக் கருப்பு மானிட்டர் தானே போடுவது, லேப்டாப்புக்கு அதில் பங்கில்லை. உங்கள் படத்தின் கருப்பைவிட அது ஆழமாக இருந்தால் சிக்னல்தான் குற்றவாளி. தம்பியின் மானிட்டரில் இதைச் செய்து காட்டியபோது, "அண்ணே, இவ்வளவு கருப்பு இதுக்குள்ள இருந்துச்சா!" என்றான்.

சரிசெய்யும் இடம் கிராபிக்ஸ் செட்டிங்ஸ். இன்டெலில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்' என்று இருக்கும், அதை 'ஃபுல்' ஆக்குங்கள். என்விடியாவில் ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தின் அடியில் 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' திறக்கும், அதிலும் 'ஃபுல்'. ஏஎம்டியில் 'பிக்சல் ஃபார்மட்' என்பதில் ஃபுல் ஆர்ஜிபி. இன்டெல் சிப் உள்ள லினக்ஸ் லேப்டாப்பில் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற பெயரில் இருக்கும். என்விடியா கார்டு இருந்தும் அதன் பேனலில் டிஸ்ப்ளே பகுதியே இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ ஓட்டை இன்டெல் சிப்போடுதான் இணைந்திருக்கும். அப்படியென்றால் இன்டெல் பக்கம் போய்த் தேடுங்கள்.

மானிட்டரின் மெனுவிலும் இதற்கு ஒரு இடம் இருக்கலாம். 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்', 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். லேப்டாப்பை ஃபுல் ஆக்கிவிட்டு மானிட்டரை டிவி கணக்கில் விட்டால் நேர்மாறான கோளாறு வரும். நிழல் முழுக்க அடைத்துக்கொண்டு, வெள்ளை வெடித்துத் தெரியும். அதைப் பார்த்து "இப்பதான் பஞ்ச்சா இருக்கு" என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், டிரைவர் அப்டேட் ஆனால் இந்த செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லேப்டாப்பிலும் மானிட்டரிலும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருந்தால் அதில் மாட்டுங்கள். யுஎஸ்பி-சி வழியாகப் போனாலும் சரி. அதில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருவதில்லை.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்பது

"அண்ணே, கலர் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வரும். அதில் ஒன்றும் தெரியாது. சிக்னல் லேப்டாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டுவிடுகிறது. நைட் லைட் போட்டிருந்தால்கூட அதில் பதியாது. மாறாக, இது ஒரு நல்ல சோதனை. ஸ்கிரீன்ஷாட்டை வேறொரு நல்ல திரையில் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் படத்தில் குற்றமில்லை, படத்தைத் தொடவும் வேண்டாம்.

தங்க முலாம் கேபிள்

கலர் வெளுத்தால் விலையுள்ள எச்டிஎம்ஐ கேபிள் வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டிஜிட்டல் கேபிள் கெட்டால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், படம் விட்டு விட்டு வரும், அல்லது வராமலே போகும். நிறம் மட்டும் பூஞ்சையாக வராது.

ஒரே ஒரு இடத்தில் விதிவிலக்கு. 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அதாவது நொடிக்கு 18 கிகாபிட். பழைய 1.4-ல் 10.2 கிகாபிட்தான். வழி குறுகலாக இருந்தால் சில லேப்டாப்கள் நிறத் தகவலைக் குறைத்து, 4:2:0 என்ற முறையில் அனுப்பும். அப்போது நிறத்தின் நுணுக்கம் நெடுக்கிலும் குறுக்கிலும் பாதியாகிவிடும். போட்டோவில் தெரியாது, எழுத்தில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் சிவப்பில் வைக்கிற பொடி எழுத்தைக் கருப்பு அல்லது நீலத் தரையில் வைத்துப் பாருங்கள். 'க்' மேல் இருக்கும் புள்ளி கரைந்து, எழுத்தின் ஓரம் கசிந்திருந்தால் இதுதான் காரணம். தாங்குகிற கேபிளும் போர்ட்டும் பாருங்கள், அல்லது 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள்.

லேப்டாப் திரையை அளவுகோலாக வைப்பது

"லேப்டாப்பில் நல்லா இருக்கு, மானிட்டரில்தான் மாறுது" என்பார்கள். லேப்டாப் சரி என்று யார் சொன்னது? விலை குறைந்த லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி (பழைய டிவி நிற வரம்பு) என்று போட்டிருக்கும் பேனல்தான் பெரும்பாலும் வருகிறது. கணினித் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். குங்குமச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். அதற்குப் பழகிய கண், சரியான மானிட்டரைப் பார்த்ததும் "ரொம்ப அடிக்குது" என்கிறது. உடனே மானிட்டரின் நிறத்தைக் குறைத்து லேப்டாப்போடு சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்லதைக் கெடுத்துக் கெட்டதற்குச் சமமாக்குகிற வேலை இது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

சில நேரம் நிஜமாகவே மானிட்டர் அதிகமாகக் காட்டும். டிசிஐ-பி3 போன்ற அகல வரம்பு மானிட்டரை அப்படியே ஓட்டினால் முகமெல்லாம் சிவந்து நிற்கும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கும், அதைப் போடுங்கள். அதில் பிரைட்னஸை மாற்ற முடியாமல் பூட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

பார்ட்டியின் போனையும் அளவுகோலாக வைக்காதீர்கள். அமோலெட் போனில் 'விவிட்' மோடில் பார்த்து ஓகே சொன்ன மயில் பச்சையைத் தாளில் கொண்டுவர எந்த மையாலும் முடியாது. கலர் ஓகே வாங்குவதாக இருந்தால் ப்ரூஃப் தாளைக் கையில் கொடுத்து வாங்குங்கள்.

எச்டிஆர்

வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் மோடு இது, டிசைன் வேலைக்கு வேண்டாம். விண்டோஸ் கீயோடு ஆல்ட், B எழுத்து அழுத்தினால் அணைந்துவிடும்.

அடுத்தவரின் ஐசிசி ப்ரொஃபைல்

அதே மாடல் மானிட்டருக்கு யாரோ எடுத்த ப்ரொஃபைலை (மானிட்டரின் நிறத்தை அளந்து எழுதிய கோப்பை) இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது அவர் மேசையில் இருந்த ஒரு மானிட்டரை, அவர் வைத்திருந்த பிரைட்னஸில் அளந்து எடுத்தது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மானிட்டர்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அளக்கும் கருவியைச் சொந்தமாக வாங்க முடியாவிட்டால் கேட்டு வாங்கி உங்கள் மானிட்டரை அளந்துகொள்ளுங்கள். மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடேறிய பிறகு அளக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் எஸ்ஆர்ஜிபி மோடே போதும்.

டைனமிக் கான்ட்ராஸ்ட் (படத்துக்கேற்ப மானிட்டரே வெளிச்சத்தை மாற்றுவது)

அணையுங்கள்.

விஜிஏ

இந்தப் பழைய அனலாக் கேபிளில் ஒரே ஒரு நிறம் மட்டும் காணாமல் போனால், முனையில் இருக்கும் ஊசி (பின்) வளைந்திருக்கக்கூடும். 1-ஆம் ஊசி சிவப்பு, 2 பச்சை, 3 நீலம்.

சுவரும் விளக்கும்

அச்சுத் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து "தாள் மஞ்சளாத் தெரியுதே" என்று மானிட்டரைத் திருகுவார்கள். அச்சைப் பார்க்க ஐஎஸ்ஓ 3664 சொல்வது 5000 கெல்வின் அளவு வெளிச்சம். மானிட்டர் 6500-ல் நிற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாகத் தெரியாதது இயல்பு. தாளைத் தாளுக்குரிய வெளிச்சத்தில் தனியாகப் பாருங்கள்.

எங்கள் அறைச் சுவர் முன்பு நல்ல பச்சையில் இருந்தது. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு மேசைக்குத் திரும்பும்போது, கையிலிருக்கும் வெள்ளைத் தாளிலேயே பச்சை ஏறித் தெரியும். அண்ணாச்சியிடம் கேட்டுப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இந்த அறைக்கு மட்டும் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டோம். தம்பியின் மேசை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. கான்ட்ராஸ்டை 75-க்கே இறக்கி, 'ஃபுல்' போட்டுக் கொடுத்தேன். அதற்கு முன்பே லெவல்ஸில் கருப்பை இழுத்து வைத்திருந்த மூன்று படங்களையும் மூல ஸ்கேனிலிருந்து மறுபடி எடுத்து ஆரம்பித்திருக்கிறான்.