ரோட்ஸ் பியானோவில் இரைச்சல்: நான் கண்ட தீர்வு

வெள்ளவத்தையில் உள்ள என் சிறிய ஒலிப்பதிவு அறையில் 73 கட்டைகள் கொண்ட பழைய ரோட்ஸ் ஸ்டேஜ் மின் பியானோ ஒன்று இருக்கிறது. அண்மையில் மெதுவான பாடலொன்றைப் பதிவுசெய்தபோது, சுரங்கள் தேய்ந்து அடங்கும் இடமெல்லாம் தாழ்ந்த இரைச்சல் கேட்டது. கேபிளை மாற்றினேன், பயனில்லை.

இவ்வகை ரோட்ஸுக்கு மின் இணைப்பே கிடையாது. சுத்தியல் உருக்குக் கம்பியைத் தட்ட, அந்த அதிர்வை ஒவ்வொரு கட்டைக்கும் உரிய காந்தச் சுருள் மின்சைகையாக மாற்றுகிறது. அச்சுருள்கள் கம்பியின் அசைவோடு அருகிலுள்ள மாறும் காந்தப்புலத்தையும் பற்றிக்கொள்ளும் என்பது நினைவுக்கு வந்ததும், பியானோவை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். இரைச்சல் கூடிக் குறைந்தது. ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் சிந்தசைசருக்காக நம் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைக்கும், அத்தகைய காந்தப்புலத்தை வெளிவிடும் மின்மாற்றியைப் பியானோவின் அடியிலேயே நான் வைத்திருந்தேன். அதை 2 மீற்றர் தள்ளி வைத்ததும் இரைச்சல் ஏறக்குறைய மறைந்தது. அந்த அமைதியில் கம்பியின் மணியொலி முழுமையாகக் கேட்டபோது எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

பியானோவை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் உயர் சுரங்கள் மங்கிவிடுவதால், உயர் மின்மறுப்புள்ள (மின்னோட்டத்தை மிகக் குறைவாகவே இழுக்கும்) டிஐ பெட்டி, அதாவது கருவியின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி, வழியாகவே இணைக்கிறேன். கொட்டாஞ்சேனையில் மேடையேறும்போது, ஒளிவிளக்கு டிம்மர்களிலிருந்தும் அம்ப்ளிஃபயர்களிலிருந்தும் விலகிய இடத்தை, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே பியானோவுக்குத் தெரிவுசெய்கிறேன்.